எதிர்ப்பக்கத்து நீலச் சட்டை

எங்கள் கம்பெனி விற்ற இயந்திரம் ஒன்று மலேசியாவில் பிஸ்கட் இல்லாமலேயே பிஸ்கட் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறது என்று தகவல் வந்தது. காலி உறையை ஒட்டி, தேதி குத்தி, அட்டைப்பெட்டிக்குள் வரிசையாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறதாம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "சுந்தரம், ஜொகூருக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வந்துருங்க" என்றார். சூலூருக்குப் போய்வரச் சொல்கிற தொனி. முகத்தை மிகவும் வருத்தமாக வைத்துக்கொண்டு சரி என்றேன். உள்ளுக்குள் ஒரே குதியாட்டம்.

காரணம், ஜொகூரில் எனக்கு இரண்டு நண்பர்கள் இருக்கிறார்கள். குணசேகரன், அந்தோணி. இரண்டு பேரும் மலேசியாவிலிருந்து கோயம்புத்தூருக்குப் பொறியியல் படிக்க வந்தவர்கள். விடுதியில் நான்கு வருடம் நாங்கள் மூவரும் ஒரே அறை. இப்போது குணா யோங் பெங்கில் லாரிகளுக்குக் குளிர்பெட்டி பொருத்தும் பட்டறை வைத்திருக்கிறான். அந்தோணி லாயாங் லாயாங் பக்கத்தில் செம்பனையிலிருந்து பாமாயில் எடுக்கும் ஆலையில் மேலாளர். நான் வேலை பார்க்கவேண்டிய குளுவாங் இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்தது. கடவுள் எனக்காக வரைபடம் போட்டுக் கொடுத்த மாதிரி தோன்றியது.

இருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பினேன். குணா உடனே, "வாடா மச்சான், அஞ்சு நாளும் நம்ம வீட்டுலதான் சாப்பாடு" என்று பதில் போட்டான். அந்தோணியும் அச்சு அசலாக அதையே போட்டான். மகிழ்ச்சி தாங்காமல், "அப்போ மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்" என்று எழுதினேன். இரண்டு பேரும் படித்துவிட்டார்கள் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. பதில் மட்டும் வரவே இல்லை. ஏதோ வேலையாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு மடையன் கோவை மாவட்டத்தில் கிடையாது.

செனாய் விமான நிலையத்திலிருந்து குளுவாங்குக்கு வாடகைக் கார். ஓட்டியவர் தமிழர். குளிர்சாதனத்தைக் கடைசி வரை திருகிவிட்டு, தான் மட்டும் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். பேசிக்கொண்டே வந்ததில் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கவேண்டிய வழியைத் தவறவிட்டுவிட்டார். "அலமாக்! சாரி பாஸ். பூசிங் போட்டு வரணும்" என்றார். பூசிங் என்றால் திரும்புவது. நம் ஊரில் காரை அப்படியே ஓரங்கட்டி, பின்னால் வருகிறவனைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தைரியமாகப் பின்னோக்கி வருவோமே, அந்தக் கலை இங்கே தெரியாது. அடுத்த வழி வரும்வரை போய், இறங்கி, சுங்கம் கட்டி, பாலத்தில் ஏறி, மறுபடி சுங்கச் சாவடிக்குள் நுழைந்து வரவேண்டும். நான் போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லாமல் அரை மணி நேரம் கூடுதலாக நடுங்கினேன்.

மறுநாள் காலை தொழிற்சாலைக்குப் போனேன். மேற்பார்வையாளர் மிஸ் லிம் என்ற சீனப் பெண்மணி. இயந்திரத்தை ஓட்டுகிறவர் நேபாளி. பழுது பார்க்கும் அஸ்லான் மலாய்க்காரர். எனக்கும் மலாய் தெரியும், குணாவும் அந்தோணியும் விடுதியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தொழிற்சாலைக்குள் நின்று யோசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த நான்கு வருடத்தில் நான் கற்ற மலாய்ச் சொற்களில் ஒன்றைக்கூட ஒரு பெண்மணி முன்னால் சொல்ல முடியாது. கைச்சாடையிலேயே வேலையை ஆரம்பித்தேன்.

பழுது என்னவென்றால், அவர்கள் புதிதாக ஓர் உறை அச்சடித்திருக்கிறார்கள். பளபளவென்று, பெரிய பிஸ்கட் படம் போட்டது. பிஸ்கட் வந்துவிட்டதா என்று பார்க்கும் எங்கள் இயந்திரத்தின் கண், அந்தப் படத்தையே பிஸ்கட் என்று நம்பிப் பொட்டலம் கட்டியிருக்கிறது. மிஸ் லிம்மிடம் இதை விளக்கியபோது அந்தம்மா வெகுநேரம் இயந்திரத்தையே பார்த்தார். பிறகு, "ரொம்ப நல்ல மனசு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். இயந்திரத்தைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

அன்று மாலை குணா வந்தான். வழுக்கை விழுந்து, தொப்பை வைத்து, ஆனால் அதே கத்தல், பேச்சுக்குப் பேச்சு அதே மலேசிய 'லா'. "டேய் சுந்தர்! எலும்பாட்டம் இருந்தவன் இப்படி ஊதிட்டியே லா!" என்று, நான் தங்கியிருந்த ஓட்டல் வாசலில் என்னைத் தூக்கவே முயன்று, முடியாமல் விட்டுவிட்டான். யோங் பெங்கில் அவன் மனைவி மாலதி பத்துப் பேருக்குச் சமைத்து வைத்திருந்தார். நெத்திலிச் சம்பல், ஆட்டுக்கறிப் பிரட்டல், அன்னாசிப் பச்சடி, மொறுமொறுவென்று பாகற்காய். நான் போதும் என்று கையை மறைத்தேன். மறைத்த கையின் மேலேயே சோறு விழுந்தது. உபசாரத்தில் நாங்கள்தான் ராஜா என்று கொங்குநாட்டில் பீற்றிக்கொள்வோம். அந்தப் பெருமையை யோங் பெங்கில் ஒப்படைத்துவிட்டேன்.

மோர் வரும்போது சாதாரணமாகக் கேட்டேன். "அந்தோணியையும் கூப்பிட்டிருக்கலாமே?"

மாலதி சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டார். குணா ஒரு பாகற்காய்த் துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "எந்த அந்தோணி?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் குணா இந்த வீட்டைக் கட்டிக் குடிபுகுந்தான். எல்லோருக்கும் தட்டில் வைத்து, நேரில் போய் அழைப்பிதழ் கொடுத்தான். அந்தோணிக்கு மட்டும் கைப்பேசியில் படமாக அனுப்பினான். அந்தோணி வரவில்லை. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

"கூடப்பொறந்தவன் மாதிரிடா அவன்" என்றான் குணா. "அண்ணன் தம்பிக்கு யாராச்சும் கார்டு தூக்கிட்டுப் போவாங்களா? வெளியாளுக்குத்தானே கார்டு. அவன் எலைய மட்டும் கடைசிப் பந்தி வரைக்கும் போட்டே வெச்சிருந்தேன். வரல லா. என் கண்ணு முன்னாடி அந்த எலைய எடுத்தாங்க."

அவன் சொன்னதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. குணாதான் நியாயஸ்தன் என்று முடிவு செய்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் மாலை அந்தோணியின் முறை. அவன் இன்னும் ஒல்லி, இன்னும் மெதுவான பேச்சு. போகிற வழியெல்லாம் இருபுறமும் செம்பனை. நேர் வரிசை, குறுக்கு வரிசை, சாய்ந்த வரிசை என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் வரிசை. அவன் மனைவி மேரி மீன் தலைக்கறி வைத்திருந்தார். "நேத்து யோங் பெங்ல என்ன சமைச்சாங்க?" என்று விசாரித்தார். சொன்னேன். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு, எழுந்து போய் இன்னும் இரண்டு முட்டை பொரித்துக்கொண்டு வந்தார்.

அந்தோணி தன் தரப்பைச் சொன்னான். "பேங்க் மேனேஜர் வீட்டுக்குத் தட்டு, பழம், வெத்தலையோட போயிருக்கான் சுந்தர். எனக்கு வந்த படத்துக்கு மேல என்ன போட்டிருந்துச்சு தெரியுமா? 'பார்வர்டட்'னு போட்டிருந்துச்சு. யாருக்கோ அனுப்புனத எனக்குத் தள்ளி விட்டிருக்கான். என் வீட்டுப் படி ஏறி, வாடான்னு ஒரு வார்த்த. அதுக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

இதிலும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நேற்று ஒரு கட்சி, இன்று ஒரு கட்சி. அரசியலுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பேன்.

சாப்பாடு முடிந்ததும் அந்தோணி என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியை இழுத்தான். உள்ளே அடுக்கடுக்காகக் கல்யாண அழைப்பிதழ்கள். அவன் மகள் ஸ்டெல்லாவுக்கு இன்னும் மூன்று வாரத்தில் குளுவாங் தேவாலயத்தில் கல்யாணம்.

"மூணு வாரந்தான் இருக்கு, இன்னும் குடுக்கலையா?" என்றேன்.

ஒன்றை எடுத்து நீட்டினான். மணமக்கள் பெயர், பெற்றோர் பெயர், எல்லாம் முறையாக இருந்தன. கடைசியில், "அன்புடன் அழைக்கும் தாய்மாமன்: குணசேகரன் – மாலதி, யோங் பெங்" என்று போட்டிருந்தது.

மேரிக்கு உடன்பிறந்த ஆண் யாரும் கிடையாது. ஸ்டெல்லாவுக்குக் காது குத்தியபோது தாய்மாமனாக மடியில் வைத்துக்கொண்டவன் குணா. பிள்ளையைவிட அவன்தான் அதிகம் அழுதான் என்று மேரி பிறகு சொன்னார். அந்த மாமா பெயர் இல்லாமல் அட்டை அடிக்கக் கூடாது என்று மகள் ஒரே பிடியாக நின்றிருக்கிறாள். அடித்துவிட்டார்கள். அடித்த பிறகுதான், அழைக்கிறவனுக்கே இன்னும் அழைப்பு இல்லை என்பது அந்தோணிக்கு உறைத்திருக்கிறது. அவன் வராவிட்டால் அத்தனை அட்டையும் பொய். ஒன்றைக்கூட வெளியே கொடுக்க முடியாது. ஒரு மாதமாகப் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

"போய்க் குடுத்துடேன்டா" என்றேன்.

"ஆறு வருஷமா நான் எதுக்குக் கோவப்பட்டேன்? நேர்ல வந்து கூப்பிடலன்னுதானே? இப்ப நான் போனா, தப்பு என்னுதுன்னு ஆயிடும் லா." பெட்டியை மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "நீ அவன்கிட்ட இந்தக் கார்டு பத்திச் சொல்லக் கூடாது. என்னப் பாக்கணும்னு அவன் வரணும். பாவம்னு வரக்கூடாது" என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினான். என் தலையில் நான் வைக்கவேண்டிய கையை அவன் ஏன் வைத்தான் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது. சரி என்று தலையை ஆட்டிவைத்தேன்.

மூன்றாம் நாள் முழுக்க, இயந்திரத்துக்குப் படத்துக்கும் பிஸ்கட்டுக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே தூது போனேன். ஒரு கையில் திருப்புளி, ஒரு கையில் கைப்பேசி. "அவன் வந்தா வரட்டும், கதவு தெறந்துதான் இருக்கு" என்றான் குணா. "என் வீட்டுக்கு மட்டும் என்ன பூட்டா?" என்றான் அந்தோணி. கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். இருவர் வீட்டுக்கும் நடுவில், நெடுஞ்சாலையில், ஆர் அண்ட் ஆர் என்று இவர்கள் சொல்கிற ஓர் ஓய்விடம் இருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே சந்திப்பது. பிறகு யாராவது ஒருவர் என்னை அப்படியே விமான நிலையத்தில் இறக்கிவிடலாம்.

குணா வரைபடத்தில் அளந்து பார்த்துவிட்டு, "எனக்கு மூணு கிலோமீட்டர் அதிகம் வருது" என்றான். "அந்த மூணு கிலோமீட்டரும் நான் நடந்துடறேன்டா" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற அஸ்லான் பயந்துபோய் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. முதல் பொட்டலம் பிஸ்கட்டோடு வெளியே வந்தபோது நேபாளி கைதட்டினார். மிஸ் லிம் எனக்கு ஒரு பெட்டி பிஸ்கட் கொடுத்தார். பழைய கையிருப்பாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டுக் குலுக்கிப் பார்த்து வாங்கிக்கொண்டேன். அன்றிரவு குணா வீட்டில் தங்கல்.

சனிக்கிழமை காலை குணா மூன்று சட்டை மாற்றினான். "பிரெண்டப் பாக்கப் போறதுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று மாலதி கேட்டதற்கு, "நான் சுந்தர ஏர்போர்ட்டுல விடப் போறேன்" என்று முறைத்தான். பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓய்விடத்தில் இறங்கினோம். பெட்டி, கைப்பை எல்லாம் காரிலேயே கிடந்தன. கழிவறை, தொழுகை அறை, பழக்கடைகள், வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள், நடுவில் மேசைகள் என்று இருந்தது. நான் அந்தோணியைக் கைப்பேசியில் கூப்பிட்டேன்.

"வந்துட்டேன் லா. பழக்கடைகிட்ட நிக்கிறேன்" என்றான்.

"நாங்களும் பழக்கடைகிட்டதான் நிக்கிறோம்."

"பலாப்பழம் உரிச்சு வெச்சிருக்காங்களே, அங்க."

"ஆமா, பலாப்பழம் இருக்கு. உன்னக் காணோமே."

"நீலச் சட்டை போட்டிருக்கேன். எதுத்தாப்புல கழிவறை."

"எங்களுக்கும் எதுத்தாப்புல கழிவறைதான்டா!"

பழக்கடையை இரண்டு முறை சுற்றினேன். நீலச் சட்டை போட்ட ஒருவரைத் தோளில் தட்டினேன். அவர் சீனர். "அந்தோணி?" என்று வேறு கேட்டுவைத்தேன். அவர் பொறுமையாக இல்லை என்று தலையாட்டினார். அப்போதுதான் குணா கார்கள் நிற்கும் இடத்தின் ஓரத்துக்குப் போய், கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தபடி நின்றான். நானும் போய்ப் பார்த்தேன்.

நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், இதே மாதிரி இன்னொரு ஓய்விடம் இருந்தது. அதே பழக்கடை, அதே கழிவறை. வேலி ஓரத்தில் ஒல்லியாக ஒரு நீலச் சட்டை. நடுவில் லாரிகள் பறந்துகொண்டிருந்தன.

தெற்கே போகிறவர்களுக்கு ஒன்று, வடக்கே போகிறவர்களுக்கு ஒன்று என்று இங்கே இரண்டு இரண்டாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். யோங் பெங்கிலிருந்து வருகிறவனுக்கு ஆர் அண்ட் ஆர் என்றால் இந்தப் பக்கம். லாயாங் லாயாங்கிலிருந்து வருகிறவனுக்கு அந்தப் பக்கம். இவர்கள் இரண்டு நிமிடம் நேரில் பேசியிருந்தால் எந்தப் பக்கம் என்று கேட்டிருப்பார்கள். பேசாததால், இந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாத நான் ஏற்பாடு செய்தேன். நம் ஊர் நான்குவழிச் சாலையாக இருந்தால் அரளிச் செடிகளுக்கு நடுவே தாவி ஒரு நிமிடத்தில் போயிருக்கலாம். ஆள் உயரத்துக்குக் கம்பிவேலி போட்டு வைத்திருக்கிறார்கள். நாகரிகம் முற்றினால் இதுதான் கதி.

"அவன பூசிங் போட்டு வரச் சொல்லு" என்றான் குணா. "நான் கரெக்டா வந்துட்டேன்."

சொன்னேன். "நானும் கரெக்டாதான் வந்திருக்கேன்னு சொல்லு" என்றான் அந்தோணி.

"ஆலைக்குள்ளயே கெடக்கறவன், கார் ஓட்டிப் பழகட்டும்னு சொல்லு."

"அவன் காரு புதுசு, ஓட்டுனா ஒண்ணும் தேயாதுன்னு சொல்லு."

இருவரும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினார்கள். கால் மணி நேரம் பொறுத்தேன். பிறகு எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. "நாலு வருஷம் ஒரே வாளித் தண்ணியில மூணு பேரு குளிச்சோமேடா! நான் கடல் தாண்டி வந்திருக்கேன், நீங்க ரோடு தாண்ட மாட்டீங்களா? எப்படியோ நாசமாப் போங்க!" என்று கைப்பேசிக்குள்ளும் வெளியேயும் சேர்த்துக் கத்திவிட்டு, அதை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுக் கடைகளின் பக்கம் போய்விட்டேன். பழக்கடைக்காரர் பலாச்சுளை ஒன்றை நீட்டி, சாப்பிடு என்று சைகை காட்டினார். அதையும் வாங்கித் தின்றேன்.

கோபத்தில் பசி எடுக்கும் ஜாதி நான். ஒரு கடையில் நாசி லெமாக் வாங்கினேன். தேங்காய்ப்பால் சோறு, சம்பல், வறுத்த நெத்திலி. கடைக்கார அம்மா முக்காடு போட்ட மலாய்ப் பெண்மணி, எல்லோரும் அவரைக் காக் என்று கூப்பிட்டார்கள், அக்கா என்று அர்த்தம். சாப்பிட்டு, தேநீர் குடித்து, இன்னொரு தேநீரும் குடித்து, சாவகாசமாக வந்து பார்த்தால் குணாவின் காரைக் காணோம்.

வேலிக்கு ஓடினேன். எதிர்ப்பக்கம் நீலச் சட்டையையும் காணோம்.

இரண்டு பேரும் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் பெட்டி போய்விட்டது. பெட்டி போனால் போகட்டும், கடவுச்சீட்டு இருந்த கைப்பையும் அதே காரில். அந்நிய நாட்டு நெடுஞ்சாலையில், கையில் கால் டம்ளர் தேநீரோடு, போக்கிடம் இல்லாமல் நான் நின்றேன். நான் கத்தியதால்தான் எல்லாம் கெட்டது என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் கிடக்கிற அழைப்பிதழ்ப் பெட்டியை நினைத்தேன். அந்தப் பெண் ஸ்டெல்லாவை நினைத்தேன்.

கைப்பேசியை உயிர்ப்பித்ததும் குணா அழைத்தான். குரலில் ஒரு பதற்றம். "டேய், எங்கடா அவன்? நான் பூசிங் போட்டு இந்தப் பக்கம் வந்துட்டேன். பழக்கடை, கழிவறை எல்லாம் தேடிட்டேன். ஆளக் காணோம். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டானா?"

நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ப்பக்க வேலியில் குணா கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

என் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. நீலச் சட்டை இறங்கியது. "வந்துட்டேன் லா" என்றான் அந்தோணி, மூச்சு வாங்க. "எங்க அவன்?"

நான் சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினேன்.

அந்தோணி பார்த்தான். குணா பார்த்தான். நான் இருவருக்கும் பொதுவாகச் சிரித்தேன், நிறுத்தவே முடியவில்லை. ஆறு வருடமாக ஒருத்தன் வாசலை ஒருத்தன் மிதிக்கவில்லை. இன்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் இறங்கிவந்து, ஆளுக்கொரு சுங்கம் கட்டி, ஒருவர் நின்ற இடத்தில் மற்றவர் வந்து நிற்கிறார்கள். அந்தோணிக்கும் புரிந்துவிட்டது. "எனக்காகவா அந்தப் பக்கம் போனான்?" என்று கேட்டான். "பின்ன எனக்காகவா?" என்றேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

அடுத்த நொடி, "இரு, நான் திரும்பப் போறேன்" என்று காரை நோக்கி ஓடினான். கைப்பேசியில் குணாவும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். நான் பாய்ந்து அந்தோணியின் கார்ச் சாவியைப் பிடுங்கி என் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "குணா, நல்லாக் கேளு. நீ மட்டும்தான் நகரணும். என் பாஸ்போர்ட்டு உன்கிட்ட. ஏர்போர்ட்டு இந்தப் பக்கம். அந்தோணியப் பாக்க நீ வர வேண்டாம். என் பெட்டியக் குடுக்க வா."

"அது சரி" என்றான் குணா, பெரிய பாரம் இறங்கின குரலில். "பெட்டி குடுக்க வரேன்."

அவன் சுற்றிக்கொண்டு வர அரை மணிக்கு மேலாகும். அந்தோணி தன் காரிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினான். எல்லா அழைப்பிதழையும் கொண்டுவந்திருக்கிறான். ஆனால் தட்டு கொண்டுவரவில்லை. தட்டில்லாமல் எப்படிக் கொடுப்பது என்று தவிக்க ஆரம்பித்தான். எந்தத் தட்டு வரவில்லை என்று ஆறு வருடம் பேசாமல் இருந்தானோ, அதே தட்டை மறந்துவிட்டு வந்திருக்கிறான். நான் காக்கிடம் ஓடி, சாப்பாட்டுக்கு வைத்திருந்த ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் தட்டு ஒன்றைக் கேட்டேன். எதற்கு என்றார். கல்யாணம் என்று சைகையில் மோதிரம் மாட்டிக் காட்டினேன். உனக்கா என்று சந்தேகமாகப் பார்த்தார். அந்தோணி வந்து மலாயில் விளக்கினான். அந்தம்மா தட்டை நன்றாகத் துடைத்து, ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்து, வெற்றிலைக்குப் பதிலாக வாழை இலையில் மடித்த இரண்டு பலகாரமும் வைத்துக் கொடுத்தார். "அவர் வந்ததும் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்ல மறக்கவில்லை.

குணாவின் கார் வந்தது. இறங்கியவன் யாரையும் பார்க்காமல் நேராகப் பின்பக்கம் போய்ப் பெட்டியை இறக்கி, "பாஸ்போர்ட்டு இருக்கான்னு பாத்துக்க" என்றான் என்னிடம். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் பெட்டியின் கைப்பிடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான்.

அந்தோணி தட்டோடு முன்னால் வந்தான். அவசரத்தில் வாழைப்பழம் சரிந்தது. "குணா, ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். மாலதியோட வரணும்" என்றான். அழைப்பிதழ் வைத்த தட்டை நீட்டினான்.

குணா அட்டையை மட்டும் எடுத்தான். மேலிருந்து மெதுவாகப் படித்தான். கடைசி வரிக்கு வந்தான். மறுபடி அதைப் படித்தான்.

"இது எப்ப அடிச்சது?"

"ஒரு மாசம் இருக்கும்."

"ஒரு மாசமா வெச்சுக்கிட்டு இருக்கியா?"

"நீ இல்லாம எப்படிடா குடுக்கறது?"

குணா அட்டையைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டான். "இத நான் வாங்க முடியாது" என்றான். அந்தோணியின் முகம் செத்துவிட்டது.

"கீழ என்ன போட்டிருக்கு, படி. அழைக்கிறது நான்னு போட்டிருக்கு. நான் கூப்பிடற கல்யாணத்துக்கு நீ யாரு லா என்னக் கூப்பிட? மூளை இருக்கா உனக்கு?" கத்திக்கொண்டே வந்தவன் பாதியில் உடைந்து, அந்தோணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். தட்டு இருவர் வயிற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. காக் தன் கடை வாசலில் நின்று முக்காட்டால் கண்ணைத் துடைத்தார்.

பிறகு குணா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தட்டை அந்தோணியிடமிருந்து பிடுங்கி, பழத்தைச் சரிசெய்து, என் பக்கம் திரும்பினான். "சுந்தர், எங்க புள்ளைக்குக் கல்யாணம். தாய்மாமன் கூப்பிடறேன். தங்கச்சியக் கூட்டிக்கிட்டுக் கண்டிப்பா வரணும்" என்றான். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"விமானத்துக்கு நேரமாச்சுடா" என்று கொஞ்சம் கழித்துச் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. இருவரும் தரையில் குந்தி உட்கார்ந்து, யோங் பெங் பக்கத்து வீடுகளுக்கு யார் நேரில் போய்க் கொடுப்பது, குளுவாங்குக்கு யார் போவது என்று அழைப்பிதழ்ப் பெட்டியை நடுவில் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.